நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருப்பவன் நானல்ல

ஜெரோம்,

உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் அன்புள்ள என்ற சொல்லில்தான் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சொல் பேனாவில் வரவில்லை. அன்பு இல்லாமல் போய்விடவில்லை. கோபம் அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. அது பேசி முடிக்கட்டும், பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று மாலை பங்கின் ஜூபிலி மலர் அச்சுப்படியை யாரோ நம் வீட்டு இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் கண்ணுக்கு இப்போது தலைப்பு எழுத்து மட்டும்தான் தெரிகிறது என்பதால் உன் அம்மா உட்கார்ந்து படித்துக் காட்டினாள். ஆயரின் ஆசிச் செய்தி, பழைய பங்குச் சுவாமியார்களின் படங்கள், பாடகர் குழு, இளைஞர் மன்றம். எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டாம் பக்கம் வந்ததும் அவள் நிறுத்தினாள். "உங்க படம் போட்டிருக்கான்" என்றாள். முழுப் பக்கம். அடியில் நீ எழுதியது. 'தம்மைத் தேடி வந்த ஒருவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. குடும்பத்துக்கும் ஏழைகளுக்கும் சமமாக நேரம் தந்தவர்.' இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் உன் அம்மா சிரித்துவிட்டாள். முதல் வாக்கியத்துக்கு நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

நீ பொதுவில் எழுதினாய். அதனால் நானும் பொதுவில் பதில் எழுதுகிறேன். தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுக்க, உன் அம்மா கணினியில் தட்டுவாள். இதன் படிகள் பங்குப் பேரவையில் உள்ள எல்லாருக்கும் போகும்.

சிரிப்பு வந்த வாக்கியத்தை முதலில் பார்ப்போம், அது சின்னப் பொய். உனக்குப் பதினொரு வயதில் குடல்வால் வீங்கி வலியில் துடித்தாய். அன்றைக்குக் காலையிலேயே நான் கூலாய்க்குப் போய்விட்டேன். அங்கே ஒரு குடும்பத்தை லயத்து வீட்டிலிருந்து காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். நான் அவர்களுக்காக நிர்வாகத்தோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அப்போது கைப்பேசி எல்லாம் ஏது. உன் அம்மா பக்கத்து வீட்டுச் சீனர் காரில் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். ஒப்புதல் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில்தான் நான் வந்தேன், ஒரு நல்ல காரியம் செய்த களைப்போடு. வராண்டாவில் நின்றிருந்தவள் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கு ஒரு மகன் இருக்கான். ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தத் தழும்பு இன்னும் உன் வயிற்றில் இருக்கிறது. அதைத் தினமும் குளிக்கும்போது பார்க்கிறவன் 'சமமாக' என்று எப்படி எழுதினாய்? என்னிடம் உனக்குக் கோபம் இருந்தால் அதை எழுதியிருக்கலாம். அதை நான் மதித்திருப்பேன். நீ அந்தக் கோபத்தை விழுங்கிவிட்டு, அதன் மேல் ஒரு மாலையைப் போட்டிருக்கிறாய். என் தவறுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது கேட்கிறேன். இருபத்தேழு வருடம் தாமதம்.

இனி பெரிய பொய்.

நீ எழுதியதில் உண்மையும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வந்த சுவாமியார் என்னை நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டார். படித்துப் பேராசிரியர் ஆனேன். ஆனால் ஏன் வரலாறு படித்தேன் என்று உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதை நீ எழுதவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் எங்கள் தோட்டத்தை நடத்திய கம்பெனியின் பழைய ஆண்டறிக்கை ஒன்று கையில் கிடைத்தது. ஆசையாகப் புரட்டினேன். எத்தனை ஏக்கர், எவ்வளவு பால், எந்தப் பிரிவில் என்ன நட்டார்கள் என்று எல்லாம் இருந்தது. துரைமார்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் விடுமுறைக்கு ஊர் போனது கூட இருந்தது. எங்களைப் பற்றி, தொழிலாளர் இத்தனை பேர் என்று ஒரு வரி. அந்த எண்ணுக்குள் எங்கேயோ என் அப்பா இருந்தார், என் அம்மா இருந்தார், பாம்பு கடித்துச் செத்த என் தங்கை அதிலும் இல்லை. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நான் வரலாற்று வாத்தியார் ஆனேன். அந்தக் கோபம் நல்ல கோபம். அதை எங்கே தொலைத்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

கோயிலின் பின்பக்கம், மறைக்கல்வி வகுப்புக்கு அடுத்த அறையில் சனிக்கிழமை தோறும் மதியத்துக்கு மேல் நான் உட்காருவேன். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், ஐசி என்ற அடையாள அட்டை இல்லாதவர்கள், குடியுரிமை தராத சிவப்பு ஐசியோடு நாற்பது வருடம் காத்திருந்தவர்கள் வருவார்கள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டிலேயே கிழவர்களாகிப்போனவர்கள். பிறந்ததற்குக் காகிதம் இல்லை என்பதால் பிறக்காதவர்கள். தோட்டத்தில் குழந்தை பிறந்தால் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி பதிவு செய்ய வேண்டும். சொல்ல ஆளில்லாமலோ, சொல்லியும் நடக்காமலோ விடுபட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும், பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளையும், தோட்டத்துச் சம்பளப் புத்தகங்களையும் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்துக்களும் வந்தார்கள், முஸ்லிம் ஒருவர் கூட வந்தார். பலருக்கு வழி பிறந்தது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள் என்று சொல்வேன், ஆனால் அவர்கள் எழுந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. சேவை என்ற பெயரில் நான் ஒளித்துத் தின்ற இனிப்பு அது. நீ பொதுவேலையில் இறங்கியிருக்கிறாய், மலர்க் குழுவுக்குத் தலைவனாகிவிட்டாய், அதனால் சொல்கிறேன். உன் உள்ளே அந்த இனிப்பைத் தேடு. இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அது உன் காதை அடைத்துவிடும். என் காதை அடைத்தது.

செல்வம் ஆன்ட்டியை உனக்குத் தெரியும். திருவிழாவுக்குப் பெரிய அண்டாவில் சமைப்பாரே, மாணிக்கத்தின் மனைவி. நீ பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்த வருடத்தில் ஒரு சனிக்கிழமை அவர் அந்த அறைக்கு வந்தார். அப்போது முப்பது வயது இருக்கும். அம்மா பிரசவம் ஆன நாலாம் நாள் இறந்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். பெரியம்மா எடுத்து வளர்த்தார், வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறப்பைப் பதிய யாரும் இல்லை. ஞானஸ்நானம் மட்டும் கொடுத்ததாகப் பெரியம்மா சாவதற்கு முன் சொல்லியிருக்கிறார். எந்த வருடம் என்று கேட்டேன். "வருசம் தெரியாது சார். நம்ம பிரிவுல பால்மரத்த வெட்டித் தள்ளி, செம்பனை நட்டாங்களே, அந்த வருசம்னு பெரியம்மா சொன்னாங்க" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏனென்றால் என் ஆராய்ச்சியே அந்தக் கம்பெனித் தோட்டங்களைப் பற்றியதுதான். எண்ணெய் எடுக்கும் செம்பனை அங்கே எப்போது வந்தது என்று எனக்கு மனப்பாடம். ஆண்டறிக்கையில் இருக்கிறது. அந்த வருடத்தையும் அதற்கு அடுத்த வருடங்களையும் கொண்ட ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை. செல்வம் எதிரே உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏட்டை மூடியதும் அலமாரியைக் காட்டி, "அதுக்கு முந்துன புக்கு கீழ ஒன்னு இருக்கே சார், அதையும் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தேவையில்லை என்றேன். உங்கள் தோட்டத்தில் செம்பனை நட்டது இந்த வருடத்தில்தான், அதற்கு முன்னால் நட வாய்ப்பே இல்லை, உங்கள் பெரியம்மா ஏதோ குழப்பிக்கொண்டிருப்பார் என்று விளக்கினேன். வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்வது போல, மனிதர்களின் நினைவு தவறும், ஆவணம் தவறாது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். வெறுங்கையோடு, ஜெரோம். நீ எழுதியிருக்கிறாயே அதே சொல். கீழ்த்தட்டில் இருந்த அந்த ஏட்டைத் திறக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் பதினெட்டு வருடம் கொடுத்தார். ஐசி இல்லாததால் அவரும் மாணிக்கமும் கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. பதியாத கல்யாணத்தைக் கோயிலில் நடத்த முடியாது. அப்போதிருந்த சுவாமியார் ஏதாவது வழி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். அப்போது நான்தான் பங்குப் பேரவைத் தலைவர். சட்டம் சட்டம்தான் சுவாமி, ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றேன். அதனால் அவர்கள் கல்யாணம் ஆகாமலே குடும்பம் நடத்தினார்கள். அதனால் செல்வம் நற்கருணை வாங்கக் கூடாது என்றாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார். எல்லாரும் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் மட்டும் முழங்காலில் இருப்பார். திருவிழாவில் அவர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அவரைப் பற்றி முணுமுணுத்தவர்களின் பேச்சு என் காதிலும் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ரீத்தா பிறந்தபோது, பதிவுத் திருமணம் இல்லாததால் அந்தக் குழந்தைக்கும் தாயின் நிலைதான் வந்தது. தாய்க்கு நாடு இல்லை, பிள்ளைக்கும் இல்லை. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் பெஞ்சில் இருந்தவர்களை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஜூபிலிக்காகப் பங்கின் வரலாற்றை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அப்போது கண் இவ்வளவு மோசமில்லை. முதல் பதிவேட்டிலிருந்து தொடங்கி வரிசையாகப் படித்தேன். ஒருநாள் காலை, கோயிலில் யாருமில்லை, மழை பெய்துகொண்டிருந்தது. அந்தக் கீழ்த்தட்டு ஏட்டில் வந்து நின்றேன். மரிய செல்வம். தாயின் பெயர், தந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர். அதற்குப் பக்கத்தில் கீழ்ப்பிரிவு என்று உபதேசியார் சின்ன எழுத்தில் குறித்திருந்தார். கூலாயில் இருந்த பழைய கங்காணி ஒருவரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். ஆமாம், கீழ்ப்பிரிவில் மட்டும் நாலு வருடம் முன்கூட்டியே மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், சோதனைக்காக என்றார். கம்பெனி அறிக்கையில் அது இல்லை. சாகக் கிடந்த அந்தப் பெரியம்மாவுக்கு நினைவு தவறவில்லை. எனக்குத்தான் அறிவு தவறியது. என் அப்பாவை ஒரு எண்ணாக்கிய அதே கம்பெனியின் தாளை நம்பி, என் எதிரே உட்கார்ந்து பேசிய ஒரு பெண்ணை நம்பாமல் விட்டேன்.

அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு உலு திராமில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை, நாலு மாடி ஏறினேன். செல்வம் தரையில் உட்கார்ந்து யாருடைய விருந்துக்கோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் அம்மாவின் பெயரை இரண்டு முறை விரலால் தொட்டார். பிறகு, "இது எந்த புக்குல இருந்துச்சு சார்?" என்றார்.

கீழே இருந்த புத்தகத்தில் என்றேன்.

"அன்னைக்கு நான் கேட்டேனே, அதுவா?"

"ஆமாம்மா."

அவர் அழுவார் என்று நினைத்தேன். நான் அழுவதற்கும் தயாராக இருந்தேன், அதுவும் ஒருவகை இனிப்புதான். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அந்தக் கோவம் ஆற எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. இப்ப திரும்பி வருது. நீங்க போங்க சார். நாளைக்கு வாங்க, பேசலாம்" என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காததற்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு நேர்மையாக மரியாதை செய்ததில்லை. மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

பிறகு இரண்டு வருட அலைச்சல். ஒரு வழக்கறிஞர் பெண் சம்பளம் வாங்காமல் கூட வந்தார். ஞானஸ்நானப் பதிவு மட்டும் போதாது, அந்தப் பிறப்பை அறிந்த சாட்சி வேண்டும் என்றார். பதிவேட்டில் ஞானத்தாயின் பெயர் இருந்தது. விசாரித்தால், அந்தம்மா கூலாய் பக்கத்திலேயே மகள் வீட்டில் இருந்திருக்கிறார். நான் போய்க் கதவைத் தட்டியபோது அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. செல்வம் என்னிடம் வந்த அந்தச் சனிக்கிழமையில் அவர் உயிரோடு, நல்ல நினைவோடு இருந்திருக்கிறார். இந்த வேதனையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கடைசியில் அந்தக் கங்காணியும், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்த ஓர் அம்மாவும் வந்து சத்தியம் செய்தார்கள். ஐம்பது வயதில் செல்வத்துக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. ஐசி கிடைத்தது. கல்யாணத்தைப் பதிந்தார்கள். கோயிலில் இப்போதைய சுவாமியார் எளிமையாக ஆசீர்வதித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு நற்கருணை நேரத்தில் எல்லாரும் திரும்பித் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். செல்வம் எழுந்திருக்கவில்லை. வழக்கம் போல முழங்காலில் இருந்தார். பூசை முடிந்து, ஏனம்மா வரவில்லை என்று வாசலில் கேட்டேன். "போன வாரம் வரைக்கும் இருந்த அதே ஆளுதான் சார் நானு. ஒரு காகிதம் வந்ததும் சுத்தமாயிட்டேனா? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்குத் தோணுறப்போ வரேன்" என்றார். நான் என் காரை நோக்கி நடந்தேன்.

இதையெல்லாம் அப்படியே பங்கு வரலாற்றில் ஓர் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். செல்வத்தின் பெயரும் என் பெயரும் அதில் இருந்தன. மலரில் அந்த அத்தியாயம் இல்லை. அதற்குப் பதிலாக நாற்பத்திரண்டாம் பக்கம் இருக்கிறது. நேற்றே உன் வீட்டுக்கு வந்தேன். நீ சிங்கப்பூரிலிருந்து பாலத்து நெரிசலைக் கடந்து களைத்து வந்திருந்தாய், சட்டையைக்கூட மாற்றவில்லை. ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "அப்பா, இது செலிப்ரேஷன் புக்லா. பிஷப் வராரு. உங்க தப்ப யாரு கேட்டா? நீங்களே ஏன் உங்க பேரக் கெடுத்துக்கிறீங்க?" என்றாய். பிறகு குரலைத் தணித்து, செல்வம் ஆன்ட்டிக்கும் வெட்கமாக இருக்கும், அவருக்காகத்தான் எடுத்தோம் என்றாய். அவரிடம் கேட்டாயா என்றேன். உன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நீ காப்பியைப் பார்த்தாய். கேட்கவில்லை என்பது புரிந்தது.

கேட்காமல் விடுவது நம் குடும்ப நோய். எனக்கு வந்தது, உனக்கும் வந்திருக்கிறது. நீ செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. அவரைப் பற்றி அவருக்கே தெரியாதது நமக்குத் தெரியும் என்று நினைத்தோம். நான் ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு நினைத்தேன். நீ பாசத்தை வைத்துக்கொண்டு நினைத்தாய். என் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற உன் பாசத்தை நான் அறியாமல் இல்லை. வேண்டாம், ஜெரோம். எனக்கு வயது எழுபத்துநாலு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்? நான் இறந்த பிறகு எவனாவது ஒரு மாணவன் இந்த மலரை ஆவணம் என்று எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பங்கில் ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை என்று எழுதுவான். அவன் எதிரே யாராவது வந்து உட்கார்ந்து, இல்லை நான் போனேன் என்றால், நினைவு தவறும் அம்மா என்பான். இதற்கா நான் நாற்பது வருடம் பாடம் நடத்தினேன்?

நீ கேட்காததை இன்று காலை நான் போய்க் கேட்டேன். உன் அம்மாவும் வந்தாள். உங்கள் பெயர் வந்தால் வெட்கமாக இருக்குமா என்று செல்வத்திடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நான் எதுக்கு வெட்கப்படணும்? அது ஒங்களோடது சார்" என்றார். உன் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு செல்வம் ஒன்று சொன்னார். நான் எழுதியதை ரீத்தா அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். கடைசியில் ஐசி கிடைத்தது, ஆசீர்வாதம் நடந்தது என்று முடித்திருந்தேன் அல்லவா, அது சரியில்லை என்றார். "எனக்குத்தான் கெடச்சுச்சு. எம் மகளுக்கு இன்னும் கெடைக்கல. முடிஞ்சு போன கதை மாதிரி எழுதாதீங்க."

ரீத்தாவுக்குப் பத்தொன்பது வயது. நம் பெர்மாஸ் ஜெயாவில்தான் ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள். அவளோடு மறைக்கல்வி படித்தவர்கள் எல்லாரும் உன்னைப் போலக் காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். அவள் இந்த மாநிலத்தைத் தாண்டியதில்லை. அவள் பிறந்தபோது தாய்க்குப் பத்திரம் இல்லை, அதனால் தாய்க்குக் கிடைத்தது தானாக அவளுக்கு வராது, தனியாக மனுப் போட வேண்டும். போட்டிருக்கிறோம். நிற்கிறது.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். நாற்பத்திரண்டாம் பக்கத்தை எடு. என் அத்தியாயத்தைப் போடு, செல்வம் சொன்ன திருத்தத்தோடு. அச்சகத்துக்குப் போக இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் விசாரித்துவிட்டேன். குழு ஒத்துக்கொள்ளாது என்றால் அவர்கள் பெயரைச் சொல், நான் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போகிறேன். யாரும் கேட்காவிட்டால் வெளியீட்டு விழா அன்று, பூசை முடிந்ததும், ஆயர் முன்னிலையில் நான் எழுந்து பேசுவேன். ஒலிவாங்கியை நிறுத்தச் சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். இருநூறு மாணவர்கள் உட்காரும் மண்டபத்தில் நான் அது இல்லாமல்தான் பாடம் நடத்தினேன்.

இன்னொன்று. வருகிற செவ்வாய்க்கிழமை காலை, அந்த மனு விஷயமாகப் பதிவு இலாகாவுக்கு ரீத்தாவை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கறிஞர் அங்கே வந்துவிடுவார். என் கண்ணை நம்பி இனி நான் காரை எடுக்க முடியாது. மாணிக்கத்துக்கு அன்றைக்கு வேலை. நீ லீவு போட்டுவிட்டு ஏழு மணிக்குக் காரோடு வா. முதலில் என்னை ஏற்றிக்கொள், பிறகு உலு திராமுக்குப் போய் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொள்ளலாம். லிஃப்ட் இன்னும் பழுதுதான், நாலு மாடி. நீயே ஏறிப் போய்க் கூப்பிடு, ஹாரன் அடிக்காதே. நாள் முழுக்க ஆகலாம், ஒன்றும் நடக்காமலும் திரும்பலாம், அதற்கும் தயாராக வா. ஆபீசில் என்ன காரணம் சொல்வது என்று என்னைக் கேட்காதே. இருக்கிறதைச் சொல்.

இன்னும் ஆறாத கோபத்தோடு,
உன் அப்பா